நீ உட்கார்ந்திருந்த மடி

சீனிக் கண்ணு,

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கை மஞ்சுளாவின் பெரியவன் அரவிந்தன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்திருக்கிறான். கணக்கில் ஒரு மார்க்குகூட விடவில்லை. உன் பெரியப்பாவின் பேத்தி காயத்ரிக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டது, அதுவும் கவர்ன்மென்ட் காலேஜில். அவள் அண்ணனைப் படிப்பு முடிவதற்கு முன்பே பெங்களூர் கம்பெனிக்காரர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து சோறு தின்கிறான். மஞ்சுளாவே கூடிய சீக்கிரம் தலைமை ஆசிரியை ஆகப்போகிறாள் என்று பேச்சு. உன் மகள் நித்யா அங்கே ஜெர்மனியில் நீச்சலில் மெடல் வாங்கியதை நீ போனில் சொன்னபோது, பக்கத்து வீட்டுக்காரி காதில் விழட்டும் என்று நான் வேண்டுமென்றே சத்தமாகத் திருப்பிச் சொன்னேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திக்கொண்ட ஒருத்தியின் கையில் சோறு தின்று வளர்ந்த கூட்டம் இது என்று நினைத்தால் எனக்குக் கால் தரையில் நிற்பதில்லை. இதையெல்லாம், இதே வரிசையில், போன மாதம் நம் வீட்டுக்கு வந்த இரண்டு பேரிடமும் சொன்னேன். சொல்லிக்கொண்டே நானாகப் போய் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தை மாதம் மஞ்சுளாவின் சின்னவனுக்குக் காது குத்துகிறோம். தாய்மாமன் நீ, உன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். லீவு கிடைத்துவிட்டது, டிக்கெட் போட்டுவிட்டேன் என்று நீ சொன்னதும் மஞ்சுளா குதித்தாள். நான் மட்டும் ரிசீவரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அந்தக் குழந்தை உன் மடியில் உட்காருவதற்கு முன்னால், நீ குழந்தையாக யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாய் என்பது உனக்குத் தெரிய வேண்டும். பெரியப்பா மடி என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிவைத்திருக்கிறோம். பெரியப்பா இல்லை, கண்ணு. உன் மாமா முனிராஜ். என் கூடப்பிறந்த தம்பி. தலைவரை வெட்டிக் கொன்றவன் என்று ஜெயிலுக்குப் போனானே, அவன்தான். தலைவர் வெட்டுப்பட்ட அந்தக் காலை நேரத்தில் நீ அவன் மடியில் உட்கார்ந்து வீறிட்டு அழுதுகொண்டிருந்தாய். இது எனக்கு அன்றைக்கே தெரியும்.

தலைவர் சென்னப்பனைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் பேரிகை ரோட்டில் இருக்கும் நினைவுக்கல்லும், வருடா வருடம் அதன்மேல் கட்டும் கொடியும்தான். தொழிற்பேட்டைக்கு நிலம் எடுத்தபோது, நிலத்தை இழந்தவர்களையும், அதே நிலத்தில் எழும்பிய கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனவர்களையும் ஒன்றாகச் சேர்த்தவர் அவர். தமிழ்க்காரன், கன்னடக்காரன், தெலுங்குக்காரன் என்று யார் வந்தாலும் அவரவர் பேச்சிலேயே பேசுவார். தேர்தலில் நின்றார், ஜெயித்துவிடுவார் என்றுதான் ஊரெல்லாம் பேச்சு. ஓட்டுக் கேட்கப் போகிற வழியில், ரைஸ் மில் திருப்பத்தில், பட்டப்பகலில் வழிமறித்து வெட்டிப்போட்டார்கள். உன் மாமாவுக்கு அப்போது, முதன்முதலாக இங்கே வந்த ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷினில் வேலை. அந்த மெஷினில் வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன. விரல் போனதும் வேலையும் போனது. தலைவர் தனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை என்ற ஆத்திரத்தில், டீக்கடையில் எல்லோரும் பார்க்க அவர் சட்டையைப் பிடித்து, “உன்ன உசுரோட வுடமாட்டேன்” என்று கத்திவிட்டான். கொஞ்ச நாளிலேயே அவர் செத்தார். போலீசுக்கு அதற்குமேல் யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை.

வந்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன். ஒருவர் ரிடையரான காலேஜ் வாத்தியார், தர்மபுரிக்காரர். இன்னொருத்தி செல்வி என்ற வக்கீல் பெண். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து இங்கே கம்பெனி வேலைக்கு வந்தவர். அவர்களை யாரும் அனுப்பவில்லை. கட்சியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. தலைவர் கொலைக் கேஸை அவசர அவசரமாக மூடிவிட்டார்கள் என்று பட்டதால், தங்கள் கைக்காசைப் போட்டு ஒரு பழைய மொபெட்டில் ஊர் ஊராகப் போய், அந்தக் காலத்து ஆட்களில் உயிரோடு இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நாம் சொல்வதை எழுதிக்கொண்டு, போவதற்கு முன்னால் அதை நமக்கே வாசித்துக் காட்டுவார்கள். “சரியா இருக்காம்மா? மாத்தணுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

“ஒங்க தம்பி அன்னைக்குக் காலையில எங்க இருந்தாருன்னு தெரியுமாம்மா?” என்று செல்விதான் கேட்டாள்.

“அதெல்லாம் எனக்கென்னா தெரியும்? நான் கட்டிக்குடுத்த வூட்ல இருந்தவ.”

“ஒங்க மகனுக்குக் காதுகுத்து அன்னைக்குத்தானேம்மா?”

அதை மறுக்க முடியாது. ஊரில் உனக்குப் பேரே ‘தலைவர் செத்த அன்னிக்குக் காது குத்துன பையன்’ என்பதுதானே. ஆமாம் என்றேன்.

“தாய்மாமன் வரலியாக்கும்?”

“வரல. பெரியப்பா மடியில வெச்சிதான் குத்தனோம்.”

வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். “‘என் தம்பி முனிராஜ் என் மகனுடைய காதுகுத்துக்கு வரவில்லை. குழந்தையின் பெரியப்பா மடியில் வைத்துத்தான் குத்தினோம்.’ சரியா இருக்காம்மா?” நான் சொன்ன பொய்யை இன்னொருவர் வாயால், நிறுத்தி நிதானமாக, மரியாதையோடு கேட்டேன். என் பிள்ளைகள் யாராவது அப்படிப் பொய் சொல்லியிருந்தால் கரண்டிக் காம்பைத் தூக்கியிருப்பேன். சரியாக இருக்கிறது என்று தலையாட்டினேன்.

அதோடு விட்டிருக்கலாம். கேள்வி முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் எனக்கு வாய் வந்துவிட்டது. காப்பி குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தேன். காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, கூடத்துச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் படங்களைக் காட்ட ஆரம்பித்தேன். அரவிந்தன் பரிசு வாங்கும் படம், காயத்ரி வெள்ளைக் கோட்டு போட்டுப் பார்த்த படம், நித்யா மெடலைக் கடித்துக்கொண்டு நிற்கும் படம், நீ அந்தப் பெரிய கம்பெனி வாசலில் நிற்கும் படம். செல்வி எல்லாவற்றுக்கும் “அடேயப்பா” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் முதல் படத்துக்கு வந்துவிட்டாள். உனக்குத் தெரியும் அந்தப் படம். பட்டுச்சட்டை போட்டுக்கொண்டு, வாயைத் திறந்து அழுகிற நீ. வெள்ளை வேட்டி கட்டிய ஒரு மடி. உன் வயிற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும் இரண்டு கைகள். அதற்கு மேலே படம் இல்லை.

“இது யாரும்மா, இப்படி அழுவுற புள்ள?”

“என் மவன்தான். ஜெர்மனியில இருக்கான்னு சொன்னேனே, அவன். காது குத்தறப்ப எடுத்தது. சட்டையப் பாரு, சுத்தப் பட்டு.”

“யார் மடியில இருக்காக?”

“அதான் சொன்னேனேம்மா, பெரியப்பா.”

அவள் காப்பி டம்ளரோடு படத்துக்குப் பக்கத்தில் போனாள். பிறகு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் எழுந்து வந்து பார்த்தார். உன் வயிற்றின் மேலிருந்த வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு நிற்கின்றன, கண்ணு. நீ ஒருநாளாவது கவனித்திருக்கிறாயா? நான் தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறவள்.

வாத்தியார் என்னைப் பார்த்து ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. “முந்தாநாளுதாம்மா பையனோட பெரியப்பாவப் பாத்துட்டு வந்தோம். நல்லா பேசினாருங்க. எங்க ரெண்டு பேருக்கும் அவரே தன் கையால வெத்தல மடிச்சிக் குடுத்தாரு” என்றார். எழுதியதை மடித்துவைத்துக்கொண்டே, “நீங்க சொன்னத எழுதனபடியே வெச்சிருக்கோம். மாத்தணும்னு தோணிச்சின்னா சொல்லி அனுப்புங்க” என்றார். டம்ளரைக் கழுவிவைக்கிறேன் என்று செல்வி அடுப்படிக்குப் போகப் பார்த்தாள். வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டேன். அவர்கள் மொபெட்டைக் கிளப்பும் சத்தம் கேட்கும்வரை அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அன்றைக்கு நடந்ததை இப்போது கேள். நம் குலதெய்வக் கோயில் கெலவரப்பள்ளிக்கு அந்தப் பக்கம், ஆற்றோரத்தில். அப்போது அணை கிடையாது. ரைஸ் மில் திருப்பத்துக்கும் அந்தக் கோயிலுக்கும் நடுவில் மாட்டுவண்டியில் அரைநாள் பயணம். அதிகம் பேரைக் கூப்பிடவில்லை. உன் அப்பா, உன் அப்பாயி, பெரியப்பா, குத்துவதற்கு ஓர் ஆசாரி, ஓசூரிலிருந்து ஒரு போட்டோக்காரர், அவ்வளவுதான். உன் மாமா விடியும்போதே வந்துவிட்டான். பட்டுச்சட்டையும் தங்கக் கம்மலும் அவன் கொண்டுவந்த சீர். வேலை போனவன் எங்கே புரட்டினான் என்று நான் கேட்கவில்லை. ஆசாரி கம்பியை எடுத்ததும் நீ ஊரைக் கூட்டினாய். அவன் உன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “டே மருமவனே, இதுக்கே இந்தக் கத்து கத்தனா, நாளைக்குப் பொண்டாட்டி வந்தா என்னாடா பண்ணுவ?” என்றான். உன் அப்பாயிகூடச் சிரித்தார். அந்த நேரத்தில்தான் போட்டோ எடுத்தார்கள். சாயந்தரம் வரை அவன் எங்களோடுதான் இருந்தான். இருட்டுவதற்கு முன் ஊருக்குப் போனவனை வழியிலேயே பிடித்துக்கொண்டார்கள்.

தலைவருக்கு எதிராகத் தேர்தலில் நின்றவருடைய கல் குவாரியில் உன் பெரியப்பா மேஸ்திரி. மறுநாள் காலையில் அவர் எங்களைக் கூடத்தில் உட்காரவைத்துச் சொன்னார்: “முனிராஜி இங்க வந்தான்னு சொன்னா, அப்ப வெட்னது யாருன்னு தேடுவாங்க. தேடனா அது எங்க வந்து நிக்கும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரிய வேணாம். பையன் வளரணும். உங்க ரெண்டு பேரு பொழப்பும் நடக்கணும்.” உன் அப்பாவுக்கு நல்ல கம்பெனியில் பர்மனென்ட் வேலை என்ற பேச்சும் அன்றைக்கே வந்தது. வேலையும் வந்தது. நீ படித்தது அந்தச் சம்பளத்தில்தான். வெட்டியது யார் என்று எனக்கு அப்போதும் தெரியாது, இப்போதும் தெரியாது. அதைத் தேடுவது அந்த இரண்டு பேர் வேலை. வெட்டாதவன் யார் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்வது என் வேலையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து, “தம்பி இங்க வந்தானாம்மா?” என்று கேட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என் இடுப்பில் நீ இருந்தாய். காது வீங்கி, தொட்டால் அழுதுகொண்டிருந்தாய். “வரலைங்க” என்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. மிரட்டினார்கள் என்று எழுதத்தான் கை வருகிறது. அது உண்மை இல்லை. அவன் வக்கீல் ஒருநாள் தேடி வந்தார். அக்காவைக் கேளுங்கள், அவள் சொல்லுவாள் என்று அவன் சொல்லி அனுப்பியிருக்கிறான். நான் நெல் குதிருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். உன் அப்பாயி வாசலிலேயே, “அவ தாய் வூட்டுக்குப் போயிருக்கா” என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஆசாரியை யாரும் தேடவில்லை. அவர் மைசூர்ப் பக்கம் மகனோடு போய்விட்டார். போட்டோக்காரருக்கு மடியில் இருந்தவன் யார் என்றே தெரியாது. மிச்சம் இருந்தவள் நான் ஒருத்திதான்.

படம் கழுவி வந்தபோது கேஸ் நடந்துகொண்டிருந்தது. அதில் அவன் முகம் தெளிவாக இருந்தது, சிரித்துக்கொண்டு. உன் அப்பாயி கத்திரிக்கோலை என் கையில் கொடுத்து, “வெட்றீ” என்றார். முழுவதையும் அடுப்பில் போடத்தான் சொன்னார். “எம்புள்ளைக்கு இருக்கறது இந்த ஒரு போட்டோதான், அத்தே” என்று நான்தான் கெஞ்சினேன். சரி, அவனை மட்டும் எடு என்றார். என் தம்பியை மார்போடு வெட்டி எடுத்து நானே அடுப்பில் வைத்தேன். கீழே இருந்து சுருண்டு சுருண்டு கடைசியில் நெற்றி கருகிய வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை வெட்டியிருந்தால் உன் வயிறும் போயிருக்கும். அதனால் கை தப்பித்தது. அந்த மிச்சத்துக்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் பட்டுச்சட்டையைக் காட்டிப் பெருமைப்பட்டேன். அவன் வாங்கிவந்த சட்டை. உன் அப்பா ஒருநாளும் அந்தப் படத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் சாகும்வரை அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் சாப்பிட உட்காருவார். காற்று வருவதற்காக என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள்.

நீ பள்ளிக்கூடத்திலிருந்து சட்டை கிழிந்து வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? ‘கொலைகாரன் மருமவன்’ என்று எவனோ சொல்ல, நீ கட்டிப்புரண்டு வந்திருந்தாய். “எனக்கு மாமா இருக்காராம்மா?” என்று கேட்டாய். “ஒனக்கு மாமாவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, கை கால் கழுவு” என்றேன். உன் கல்யாணத்தன்று, மண்டபத்துக்கு எதிரே புளியமரத்தடியில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். மாலையும் கழுத்துமாக நீ என்னிடம், “அது யாரும்மா, நம்மளையே பாத்துக்கிட்டு நிக்கறாரு? சாப்பிடக் கூப்புடலாமா?” என்று கேட்டாய். யாரோ வழிப்போக்கர் என்றேன். ஜெயிலிலிருந்து வந்தபிறகு அவன் உன்னைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். முகூர்த்தம் முடிந்து நாதஸ்வரம் நின்றபோது மரத்தடியில் ஆள் இல்லை. நீ கேட்ட கேள்வியை இப்போது நினைத்தாலும் என் கன்னம் எரிகிறது. உனக்கு இருந்த நல்ல மனசு எனக்கு இல்லை.

அந்த இரண்டு பேர் வந்துபோன பிறகு, படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பேரிகைக்குப் பஸ் ஏறினேன். உன் மாமா அங்கே ஒரு ரோஜாப் பண்ணையில் இருக்கிறான். பிளாஸ்டிக் கொட்டகைக்குள் வரிசை வரிசையாக ரோஜா. பெங்களூர் ஏர்போர்ட் வழியாக உங்கள் பக்கத்து நாடுகளுக்குத்தான் போகிறதாம். உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது. “பேகா பேகா, லாரி வந்துரும்” என்று வேலைக்காரப் பெண்களைக் கன்னடமும் தமிழுமாக விரட்டிக்கொண்டிருந்தான். கன்னடத்திலும் அதே குரல்தான். என்னைப் பார்த்ததும் கத்தரியை நிறுத்தவில்லை.

“அக்காவா? வா. செருப்பக் கழட்டிட்டு வா, பூவுக்கு நோவு வந்துரும்.” இரண்டு மூன்று கொம்புகளை வெட்டிவிட்டு, “என்னா இவ்ளோ தூரம்? பத்திரிக வெக்க வந்தியா?” என்றான்.

குத்தல் புரிந்தது. இத்தனை கல்யாணத்தில் ஒன்றுக்கும் அவனுக்குப் பத்திரிகை வைத்ததில்லை. “ரெண்டு பேரு வந்தாங்கடா” என்றேன்.

“எங்கிட்டயும் வந்தாங்க. நல்ல மனுசங்க. அக்காவ மட்டும் கேக்காதீங்கன்னு சொல்லி அனுப்பனேன். கேட்டுட்டாங்களா?”

“ஏன்டா அப்பிடிச் சொன்ன?”

“கேட்டா வரலன்னுதான் சொல்லுவ. இன்னொரு தபா எதுக்கு ஒன் வாயால அதக் கேக்கணும்?”

அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். துண்டைப் பிரித்துப் படத்தைக் காட்டினேன். அவன் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினான். தன் தலை இல்லாததைப் பார்த்தான். உன் முகத்தைத்தான் ரொம்ப நேரம் பார்த்தான். “பயலுக்கு என்னா வாயி பாரு” என்றான். பிறகு, “காது ஓட்ட தூந்துபோச்சா அவனுக்கு?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை, கண்ணு. நீ காலேஜுக்குப் போனதும் கம்மலைக் கழற்றிப் போட்டாய். அதற்குப் பிறகு உன் காதை நான் பார்த்ததே இல்லை. உன் மார்க்கு தெரியும், சம்பளம் தெரியும், உன் வீட்டில் எத்தனை அறை என்று தெரியும். அவன் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை.

மறுவாரம் வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பினேன். இரண்டு பேரும் பேரிகைக்கே வந்தார்கள். அவன் வரவில்லை என்று நான் சொன்னதை அடிக்கச் சொல்லிவிட்டு, நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வாத்தியார் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒளிக்காமல் சொன்னார்: “முழுப் படம் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். மொகம் இல்லாம இத ஏத்துக்க மாட்டோம்னு சொல்லுவாங்க.”

“மொகம் இருந்தா மட்டும் என்னாங்க? அதான் மாறிப்போச்சே. இது மாறல பாருங்க” என்று உன் மாமா தன் வலது கையைக் கொண்டுவந்து, உன் வயிற்றின் மேலிருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தான். செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாத்தியார் என் வார்த்தைகளை வாசித்தார். “‘என் தம்பி விடிந்ததிலிருந்து சாயந்தரம் வரை எங்களோடு இருந்தான். குழந்தை அவன் மடியில்தான் இருந்தான். வரவில்லை என்று நான் சொன்னது பொய்.’ சரியா இருக்காம்மா?” சரி என்றேன். வாய்விட்டுச் சொன்னேன்; அன்றைக்கு மாதிரி தலையை மட்டும் ஆட்டவில்லை.

கேஸைத் திரும்ப எடுப்பார்களா என்று அவருக்கே தெரியவில்லை. கழித்த தண்டனையை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. தாங்கள் கண்டுபிடித்ததை ஒரு புத்தகமாகப் போடப்போகிறார்களாம். “தம்பிக்காக அக்கா இப்பப் பொய் சொல்றான்னு சொல்லுவாங்கம்மா. இத்தன வருசம் ஏன் சொல்லலன்னும் கேப்பாங்க” என்றார். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடுக்கப்போகிறேன். கவரை ஒட்டமாட்டேன். அவர் படித்து ஒரு பிரதி எடுத்துக்கொண்டபிறகு உனக்கு வரும். ஊரே கேட்கச் சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. நீ அழும் அந்தப் படம் புத்தகத்தில் வரும். உன் பெயரும் வரும். உன்னைக் கேட்காமல்தான் கொடுத்தேன். கேட்டிருந்தால் கொஞ்சம் யோசிக்கலாம் அம்மா என்று சொல்லியிருப்பாய். நாங்கள் யோசித்து யோசித்துத்தான் உன் மாமாவுக்குத் தலை நரைத்துவிட்டது.

பெரியப்பா வீட்டார் காதுகுத்துக்கு வரப்போவதில்லை. உன் பெரியம்மா போனில், “காயத்ரிக்கு நாளைக்கு மாப்ள பாக்க வேணாமா? ஏன்டீ இப்பிடிக் குடும்பத்தச் சந்தி சிரிக்க வெச்ச?” என்று கத்தினார். அவர் கேட்டதில் ஞாயம் இருக்கிறது; அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்? மஞ்சுளா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமலே, “மாமாவக் கூப்புடலாமாம்மா?” என்று கேட்டாள். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியாது. டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுவாயோ என்ற பயம் இருக்கிறது. அப்படிச் செய்தால் உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் என்மேல் இருக்கும் கோபத்தை அவன்மேல் காட்டாதே. நித்யாவின் மெடலைப் பற்றி ஊரெல்லாம் சொல்லு, தப்பில்லை. உன் வீட்டுச் சுவரில் ஒரு படத்தை மாட்டுவதற்காக அதிலிருந்து யாரையாவது வெட்ட வேண்டியிருந்தால் மட்டும், அந்தப் படத்தை மாட்டாதே. உன் அம்மா வேறு என்ன புத்தி சொல்ல முடியும்?

சுவரில் முதல் படம் இருந்த இடம் இப்போது வெள்ளையாகத் தெரிகிறது. மற்ற இடமெல்லாம் அவ்வளவு அழுக்காகியிருக்கிறது என்று அதைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. அங்கே மாட்டுவதற்கு உன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வேறு ஒன்று கேட்கிறேன். புதிதாக ஒரு போட்டோ எடு. கம்பெனி வாசலில் வேண்டாம், கார் பக்கத்தில் வேண்டாம், நீ மட்டும் போதும். முகத்தைக் கொஞ்சம் பக்கமாகத் திருப்பிக்கொள், காது தெரிகிற மாதிரி. கம்ப்யூட்டரில் அனுப்பினால் அவனால் பார்க்க முடியாது. கழுவி, தபாலில் போடு. என் விலாசத்துக்கு வேண்டாம். பேரிகை ரோஜாப் பண்ணை விலாசத்தை இந்தக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். கவரின் மேல் அவன் பெயரை எழுதும்போது, முன்னால் மாமா என்று போட்டு எழுது. தையில் நீ வந்து இறங்குவதற்குள் அது அவன் கைக்குக் கிடைத்துவிட வேண்டும்.

உன் அம்மா